ஊர் தேடுவதெல்லாம் தெரிந்த தம்பி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பஸ்சின் நம்பரைக்கூட அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். ஆனால் இந்த நாட்டில் எந்தப் பக்கத்துச் சனம் ஃபோனில் எதைத் தேடுகிறது என்று தீவின் படத்தைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவேன். நீலம் கடுமையாக இருந்தால் அந்தப் பக்கம் தேடுகிறவர்கள் கூட. வெளிறியிருந்தால் குறைவு. வெள்ளையாக இருந்தால் அங்கே அந்தப் பேச்சே இல்லை. இதற்கு எழுத்து எதற்கு?

இதை எனக்குக் காட்டித் தந்தது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்த தம்பி. அவனுடைய பெயரைப் போட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். சின்னதில் என்னை வீட்டு வேலைக்கு மறித்துவிட்டு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அந்தக் கடனை இப்போது என் கதையை எழுதித் தீர்க்கிறாள். நான் கதைக்கிற மாதிரியே எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று திருத்தி எழுதுகிறாள். எழுதட்டும்.

அப்போது நான் மகள் வீட்டில் இருந்தேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை, நாலாம் மாடி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் கறள். ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத் துணை எதிர் வாசல்தான். அவனுக்கு நாற்பது வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. வீட்டில் இருந்தே கொம்பியூட்டரில் வேலை. என்ன வேலை என்று முதல் நாளே கேட்டேன். நான் எதையும் கேட்கிற ஆள்.

"விளம்பரம் போடுற கொம்பனி அன்ரி. எந்தப் பக்கத்துச் சனம் எதைத் தேடுது எண்டு பாத்துச் சொல்லுறது."

"எட்டிப் பாக்கிற வேலை எண்டு சொல்லன்."

"ஆர் தேடினது எண்டு எங்களுக்குத் தெரியாது அன்ரி. கூட்டமாத்தான் தெரியும்."

பிறகு ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு நான் தேத்தண்ணி கொண்டு போவேன், அவன் ஒரு படம் காட்டுவான். எனக்கு அது சினிமா பார்க்கிற மாதிரி. ஒரு சொல்லைத் தட்டுவான், இலங்கைத் தீவு முழுக்க நிறம் ஓடும். ஒருநாள் தொந்தியைக் குறைக்கிற வழி என்று போட்டான். எங்கள் மேற்குப் பக்கம் கடும் நீலம்.

"சாப்பிடச் சல்லி இருக்கிற இடத்திலதான் சாப்பிடாமல் இருக்க வழி தேடினம்," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

பாஸ்போர்ட் என்று போட்டால் வடக்கு, தெற்கு, மலைநாடு எல்லாம் நீலமாகத்தான் தெரியும். "இந்த ஒற்றுமை வேறை எதிலையும் வராது அன்ரி," என்பான். மழை தொடங்கினால் வெள்ளம் என்ற சொல்லுக்குக் கிழக்குப் பக்கம்தான் முதலில் நிறம் மாறும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போட்டால் எந்தப் பக்கம் டெங்கு என்று எனக்கே தெரியும். நான் உடனே மகளுக்கு ஃபோன் எடுத்து, இந்த வாரம் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதே என்பேன். அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் அவனைக் கேட்டேன். "ஒராள் மட்டும் தேடினால் எந்த நிறம் வரும்?"

"வராது அன்ரி. ஒண்டு ரெண்டு பேர் கேட்டால் கணக்கில எடுக்காது. கூட்டமாக் கேட்டால்தான் நிறம்."

"அப்ப எங்கட அந்தோனியார் இதைவிடத் திறம். ஒராள் கேட்டாலும் அவருக்குக் கேக்கும்."

நான் கொட்டாஞ்சேனைக்காரி. கலியாணம் கட்டி வந்தது அங்கேதான், மனுசன் துறைமுகத்தில் வேலை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் போய் நின்றால் ஊர் முழுக்க அங்கே நிற்கும். சைவக்காரர், சிங்களச் சனம், முஸ்லிம் பெண்கள்கூட மெழுகுதிரியோடு வருவார்கள். அவரவர் வாய்க்குள் முணுமுணுக்கிறது அவரவருக்கும் அந்தோனியாருக்கும்தான் தெரியும். இதைச் சொன்னபோது தம்பி யோசித்தான். "அங்கை நிறம் பாக்க ஏலாதே அன்ரி," என்றான். வேலை அவனை அப்படிப் பிடித்திருந்தது.

அவனுடைய குணத்தைச் சொல்ல வேண்டும். ஊர் என்ன கேட்கிறது என்று தெரிந்தவன், ஒரு ஆளைப் பார்த்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டான். மார்க்கெட்டில் மீன்காரன் "மாத்தயா, என்ன வேணும்?" என்றால் பேசாமல் நிற்பான். மற்றவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்து அதையே வாங்குவான். கடையில் சாப்பிடப் போனாலும் அப்படித்தான். அவனுக்குக் கணவாய் மீன் சரிவராது, உடம்பெல்லாம் தடிக்கும். அன்றைக்கு எல்லோரும் கணவாய் வாங்குகிறார்கள் என்று வாங்கிவந்து சமைத்துவிட்டு என்னிடம் தந்தான். எங்களுக்கு நல்ல கறி கிடைத்தது, அது வேறு கதை.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்குப் பெரிய கேக் பெட்டியோடு வந்தான். இந்தக் கிழமை கொழும்பு முழுக்க இந்தக் கேக்கைத்தான் தேடுகிறதாம்.

"எனக்குச் சீனி வருத்தம். தெரியாதோ உனக்கு?"

"தெரியாது அன்ரி."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டால் என்ன சொல்லியிருப்பியள்?"

"ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்."

"அதுதான் நான் கேக்கிறேல்லை," என்றான். "எங்கட சனத்திட்டைக் கேட்டு ஒண்டும் அறிய ஏலாது அன்ரி. பசியோட வந்தவனும் இப்பத்தான் சாப்பிட்டனான் எண்டுதான் சொல்லுவான். ஃபோனுக்கு மட்டும்தான் பொய் சொல்லமாட்டினம்."

அவன் சொன்னதில் பிழை இருக்கிறதா? நானும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்று முதலில் சொல்லுவேன். வற்புறுத்துவார்கள், பிறகு அரைக் கோப்பை போதும் என்பேன், பிறகு முழுதாகக் குடிப்பேன். ஒரேயடியாக ஓம் என்று சொன்னால் காய்ந்து கிடந்தவள் என்று நினைப்பார்களே.

அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் தனிய இருந்தா. வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். சீசன் வந்தால் பேப்பரில் சுற்றி, வைக்கோல் வைத்து, பெட்டி கட்டி இரவு பஸ்சில் போட்டுவிடுவா. எனக்கும் அதில் பங்கு. மனிசியை நான் ஒரு தடவைதான் கண்டேன். கண்ணை டொக்டரிடம் காட்ட வந்தவ, ரெண்டு நாள் நின்றா. அந்த ரெண்டு நாளும் எதிர் வீட்டில் ஏச்சுத்தான். "டேய், இந்தத் துவாயை எத்தினை மாசமாத் தோய்க்கேல்லை? சட்டைக் கொலரைப் பார், ஒரே ஊத்தை. எலும்பும் தோலுமா நிக்கிறாய். உன்ர கொம்பியூட்டர் சோறு சமைச்சுத் தருமோ?" அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். அவ போன பிறகு, "வீடு சத்தமில்லாமல் கிடக்குது அன்ரி," என்றான். அவவுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் நாங்கள் ரெண்டு பேரும் உடனே சிநேகிதம்.

பிறகு ஒருநாள் அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டா. முறிவில்லை, நோவுதான். அயல் வீட்டுப் பிள்ளை கண்டு தூக்கியிருக்கிறாள். தம்பி ஓடிப்போய்ப் பத்து நாள் நின்றுவிட்டு வந்தான். வந்தவனுக்கு நித்திரை இல்லை. கொழும்புக்குக் கூட்டி வரலாம் என்றால் நாலாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. அங்கேயே விடலாம் என்றால் பயம்.

அது ஊரில் கோயில் திருவிழாக் காலம். ஒரு காலை நான் தேத்தண்ணியோடு போனபோது அவன் முகம் தெளிந்திருந்தது. படத்தைக் காட்டினான். தீவின் தலைப்பக்கம் மட்டும் மை கொட்டினது போல் நீலம்.

"என்ன தேடினம்?"

"வயோதிபர் இல்லம். பாத்தியளோ அன்ரி, ஊர் மாறீட்டுது. முந்தி வெக்கம் எண்டு சொன்ன சனம், இப்ப தாங்களாவே தேடுது."

எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. ஆனால் நிறம் பொய் சொல்லாது என்று எனக்கு அவன்தானே பழக்கியிருந்தான். நீலம் கடுமையாகத்தான் இருந்தது.

"அம்மாட்டைக் கேட்டனியோ?"

"கேட்டால், உனக்குச் சரியெண்டால் சரி எண்டுவா. அவவுக்கு உள்ளுக்குள்ள விருப்பமா இருக்கும் அன்ரி. என்னட்டைச் சொல்லக் கூச்சம்."

நல்ல இடமாகத்தான் பார்த்தான். வீட்டில் இருந்து தூரமில்லை, முற்றம், பூமரம், பார்க்க ஆள். அம்மாவிடம் போய், ஊரில் இப்போது எல்லோரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அவ ஓம் என்றாவாம். வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தான். திரும்பி வந்தபோது பாரம் இறக்கின ஆள் போல் படியில் துள்ளித் துள்ளி ஏறினான். அம்மா ஒரு சொல் மறுக்கவில்லை என்று எனக்குப் பெருமையாகச் சொன்னான். ஏசுகிற மனிசி ஏசாமல் போனதை அவன் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அடுத்த மாம்பழ சீசனுக்குப் பெட்டி வரவில்லை. வராதுதானே, மரம் இப்போது வாடகைக்கு இருக்கிறவர்களுடையது. அவன் மார்க்கெட்டில் ரெண்டு மாம்பழம் வாங்கி வந்து ஒன்றை எனக்குத் தந்தான். பழம் நல்ல பழம்தான், ஆனால் பேப்பர் வாசமும் வைக்கோல் வாசமும் இல்லை.

திருவிழாக் காலம் திரும்ப வந்தது. அவனுடைய கொம்பனி வடக்குப் பக்கத்துக்குச் சில வருசத்துப் படத்தை ஒன்றாகக் கேட்டிருக்கிறது. இந்த முறை நிறம் இல்லை, கோடு. ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை. கைப்பிள்ளையை ஏந்தி வைத்திருக்கிற மாதிரி கொம்பியூட்டரை ரெண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அன்ரி, இதைப் பாருங்கோ. இந்தச் சிவப்புக் கோடு வயோதிபர் இல்லம். இந்த மஞ்சள் கோடு புது சிம் கார்ட் வாங்கிற இடம்."

பார்த்தேன். ரெண்டும் மலை மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு வருசமும் ஒரே இடத்தில்.

"அதுக்கென்ன?"

"திருவிழாவோட ஏறுது. திருவிழா முடிஞ்சு பிளேன் போக இறங்குது. ஊரில இருக்கிற ஆக்களுக்கு ஏன் அன்ரி புது சிம்?"

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பிள்ளைகள் திருவிழாவுக்கு வருகிறார்கள். அம்மா அப்பா கிழண்டு போய் நிற்பதைக் காண்கிறார்கள். பயம் பிடிக்கிறது. அங்கே ஊரில் நின்றுகொண்டு தேடுகிறார்கள். படத்துக்கு ஆர் வெளிநாடு, ஆர் ஊர் என்று தெரியுமா? ஊர் தேடுகிறது என்று நீலம் பூசிவிடுகிறது.

"வயசான ஆக்கள் ஒருத்தரும் தேடியிருக்கமாட்டினம் அன்ரி," என்றான். "எங்கட அம்மாவுக்கு ஃபோனில பச்சையை அமத்தத்தான் தெரியும்."

அன்றைக்கே பஸ் ஏறினான். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். மூன்று நாளில் தனிய வந்தான். என் வீட்டுக் கதிரையில் இருந்து, நடந்ததைச் சொன்னான்.

அவன் போனபோது அம்மா விறாந்தையில் இருந்தாவாம். கண்டதும், "வா தம்பி, இரு," என்று கதிரையைக் காட்டியிருக்கிறா. அங்கே வேலை செய்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, என்ர மகன் வந்திருக்கிறார், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டு வா என்றாவாம். மெலிந்து போனாய் என்று சொல்லவில்லை. சட்டையைப் பார்க்கவில்லை.

"வீட்டை போவம் அம்மா. வாடகைக்காரரை நான் எழுப்புறன்," என்றிருக்கிறான்.

"எனக்கு இஞ்சை என்ன குறை? நேரத்துக்குச் சாப்பாடு தருகினம். ஒண்டும் வேண்டாம்."

"நான் பிழை விட்டிட்டன் அம்மா. ஊரில ஒருத்தரும் விரும்பித் தேடேல்லை."

"அதை விடு."

"விருப்பமில்லாட்டி ஏன் அம்மா அப்ப ஓமெண்டனீங்கள்?"

"நீ கேக்கேல்லையே தம்பி. சொன்னனீ. சொன்னதுக்கு ஓமெண்டனான்."

பிறகு பஸ்சுக்கு நேரமாகுது என்று அவதான் அவனை எழுப்பி விட்டிருக்கிறா. வாசல்வரை வந்து, "வந்ததுக்குச் சந்தோசம்," என்றாவாம். தூரத்துச் சொந்தக்காரருக்குச் சொல்கிற மாதிரி.

இதைச் சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனான். அதற்குப் பிறகு நான் பத்து மணிக்குப் போனால் படம் காட்டுவதில்லை. அந்தப் பக்கமே திருப்ப மாட்டான். எனக்கும் கேட்க மனம் வரவில்லை. ஆனால் அந்த நிறமெல்லாம் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இந்த நேரத்தில்தான் என் மகள் குடும்பத்துக்கு அவுஸ்திரேலியா விசா சரிவந்தது. வீட்டில் ஒரே சந்தோசம். என்னை என்ன செய்வது என்றுதான் மகளும் மருமகனும் அறைக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே வர விருப்பமில்லை. குளிர், மொழி தெரியாது, வாசலில் கதைக்க ஒரு சீவன் இல்லை. ஆனால் அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. பிள்ளைகள் நல்லாக இருக்கப் போகிற நேரத்தில் கிழவி குறுக்கே நிற்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மகள் அவனுக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சு வாக்கில், "அம்மாவையும் கூட்டிப் போறமோ, விட்டிட்டுப் போறமோ எண்டு இன்னும் முடிவில்லை," என்றாள்.

"அன்ரியட்டைக் கேட்டனீங்களோ அக்கா?"

"கேட்டனான். எங்கையெண்டாலும் சரி எண்டுறா. அம்மா எப்பவும் அப்பிடித்தான், ஒண்டுக்கும் ஆசைப்பட மாட்டா."

அவன் கோப்பையை வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்தான். இத்தனை நாளில் அவன் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"அன்ரி, உங்களுக்கு எங்கை இருக்க விருப்பம்?"

"எனக்கென்ன தம்பி விருப்பம். ஒண்டும் வேண்டாம்."

"அது முதல் மறுமொழி. தேத்தண்ணிக்குச் சொல்லுற மறுமொழி. எங்கை விருப்பம்?"

"பிள்ளையளுக்கு எது வசதியோ அது."

"அது ரெண்டாவது. அரைக் கோப்பை. நான் எழும்பமாட்டன் அன்ரி. எங்கை விருப்பம்?"

ரயில் ஒன்று போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் சத்தம் போட்டு ஓய்ந்தன. அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியாது.

"கொட்டாஞ்சேனைக்குப் போக வேணும்," என்றேன். "தங்கச்சி தனியத்தான் இருக்கிறாள். அவளோட இருக்க வேணும். செவ்வாய்க்கிழமையில கோயிலுக்கு நடந்து போக வேணும்."

மகள் எழும்பி என் பக்கம் வந்தாள். "இவ்வளவு நாளும் ஏன் அம்மா சொல்லேல்லை?"

"நீ ரெண்டாந்தரம் கேக்கேல்லை, பிள்ளை."

அவள் அழுதாள், பிறகு என்னை ஏசினாள், நான் அவளை ஏசினேன். கொஞ்ச நேரத்தில் நல்ல சண்டை. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். எங்களைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அவன் எழும்பிப் போகும்போது நான் வாசலில் மறித்தேன். "என்னட்டைக் கேட்டாய். உனக்கு என்ன விருப்பம்?"

"ஒண்டும் வேண்டாம் அன்ரி."

"அது தேத்தண்ணி மறுமொழி."

சிரித்தான். "அம்மா நல்லா இருந்தால் காணும்."

"அரைக் கோப்பை. சொல்லு."

கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் ஃபோனைத் தேடியது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது. "அம்மா என்னை ஒருக்கா ஏச வேணும் அன்ரி," என்றான். "முந்தின மாதிரி."

மகள் குடும்பம் போவதற்கு முதலே அவன் வெள்ளவத்தையை விட்டுப் போய்விட்டான். வேலை கொம்பியூட்டரில்தானே, எங்கே இருந்தாலும் செய்யலாம். ஊரில் அந்த இல்லத்துக்குக் கிட்ட ஒரு அறை எடுத்திருக்கிறான். பின்னேரம் போய் அம்மாவோடு விறாந்தையில் இருக்கிறான். வாடகைக்காரர் எழும்பிவிட்டார்கள், வீடு கூட்டித் துடைத்துக் கிடக்கிறது, அம்மா வராமல் அவன் அங்கே இருக்க மாட்டானாம். இந்த முறை மாம்பழம் பறித்து அவனே பெட்டி கட்டி எனக்கு அனுப்பினான். கட்டத் தெரியாது, பாதி நசிந்து வந்தது. நசிந்ததை நானும் தங்கச்சியும் அன்றைக்கே தின்றோம், சீனியாவது மண்ணாவது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் ஒரு மெழுகுதிரி வைக்கிறேன். அந்தோனியாரிடம் இந்தக் கொழும்பிலேயே வேறு ஒருத்தரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள், ஒரு தாய் தன் பிள்ளையை ஏச வேண்டும் என்று. கூட்டமாகக் கேட்கிற விசயம் இல்லை, படத்தில் போட்டால் வெள்ளையாகத்தான் கிடக்கும்.

போன கிழமை ஃபோன் எடுத்தான். நான் பச்சையை அமத்தினேன்.

"அம்மா எப்பிடி?"

"சுகமா இருக்கிறா அன்ரி. வீட்டை போவம் எண்டு இண்டைக்கும் கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் வேண்டாம் எண்டவ."

"திருப்பிக் கேட்டனியோ?"

"ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

"ஏசினவவோ?"

பின்னால் ஏதோ காகம் கத்தியது.

"இன்னும் இல்லை அன்ரி. ஆனால் நேற்று என்ர சட்டைக் கொலரைப் பாத்தவ."